கிட்டாரில் காத்திருக்கும் சுரம்



தோட்டத்தில் 'சஸ்பெண்ட்' என்ற சொல் காதில் விழுந்தாலே நம் வயிறு கலங்கும். வேலையும் இல்லை, வேலை போய்விட்டது என்ற முடிவும் இல்லை. விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். இதே சொல் இசையிலும் உண்டு. 'சஸ்பெண்டட் கார்டு' என்று கிட்டார் வாசிப்போர் சொல்வது அதைத்தான். அதன் வரலாற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

இதைப் பேச நமக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், குருண் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், அண்ணனின் பழைய கிட்டாரில் ஒரு விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். "சார், இந்த விரல எடுத்தா பாட்டு ஏன் முடியாத மாதிரி இருக்கு?" என்று கேட்டான். நமக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்க, "சோதனை வருகிறது, புத்தகத்தை எடு" என்று அதட்டினோம். அதன்பின் அவன் கிட்டாரைப் பள்ளிக்குக் கொண்டு வரவேயில்லை.

அவன் கேள்விக்குப் பதில் பல நூற்றாண்டுப் பழமையானது. பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதே கார்டு. ச, க, ப மூன்றும் சேர்ந்தால் ஒரு கார்டு. இதில் காந்தாரமே நிறத்தைக் கொடுக்கிறது. அந்தர காந்தாரம் என்றால் மலர்ச்சி. சாதாரண காந்தாரம் என்றால் சோகம். அந்தக் காந்தாரத்தை எடுத்துவிட்டு மத்திமத்தையோ ரிஷபத்தையோ வைத்தால், மலர்ச்சியும் இல்லை, சோகமும் இல்லை. காது முடிவுக்காகக் காத்திருக்கிறது. நம் தம்புராவிலும் காந்தாரத்துக்குத் தந்தி கிடையாது. எந்த இராகத்துக்கும் அது இடம் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பாவின் தேவாலயங்களில் பல குரல்கள் சேர்ந்து பாடியபோது இந்தப் பழக்கம் வளர்ந்தது. மற்றக் குரல்கள் அடுத்த இசைக்கு நகர்ந்த பிறகும் ஒரு குரல் பழைய சுரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும், உரசல் உண்டாகும், பிறகு ஒரு படி இறங்கிச் சேர்ந்துகொள்ளும். இதன் விதிகளைப் பாடமாக அமைத்து, வியன்னாவில் யோகான் யோசப் ஃபுக்ஸ் என்பவர் 1725-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைத் தாமே படித்துப் பயின்றவர்களில் ஒருவர் 1732-இல் பிறந்த ஹைடன். அவருடைய தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி.

கிட்டார் இதை எளிமையாக்கிவிட்டது. 'டி' கார்டைப் பிடியுங்கள்: மூன்றாம் தந்தியில் இரண்டாம் கட்டம், இரண்டாம் தந்தியில் மூன்றாம் கட்டம், முதல் தந்தியில் இரண்டாம் கட்டம். மேலிரண்டு தடித்த தந்திகளையும் மீட்ட வேண்டாம். இப்போது முதல் தந்தியின் மூன்றாம் கட்டத்தில் சுண்டுவிரலை வையுங்கள். காந்தாரம் போய் மத்திமம் வரும். சுண்டுவிரலை எடுத்தால் பழையபடி காந்தாரம். இரண்டாம் கட்டத்து விரலையும் தூக்கினால் ரிஷபம். அந்த மாணவன் செய்தது இதுவே. 1969-இல் இங்கிலாந்தின் 'தி ஹூ' குழு வெளியிட்ட 'பின்பால் விசர்ட்' பாடலில் உலகமே கேட்டதும் இந்த விரலசைவின் இனத்தைச் சேர்ந்ததுதான்.

கிட்டார் நமக்கு அந்நியம் என்று சிலர் சொல்வர். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் வழியாக வந்த சிறிய நரம்புக் கருவிகளிலிருந்தே கெரொஞ்சோங் இசை வளர்ந்தது. ஆக, இந்த மண்ணுக்கு அது புதிதன்று.

தமிழருக்கும் புதிதன்று. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைச் சுரக்குறிப்போடு கற்றார். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். பிறருடைய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்த பிறகே, 1976-இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்தார். 2025 மார்ச் 8-ஆம் நாள் அவருடைய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. காதால் கேட்டு வாசித்தவர், ஏன், எப்படி என்று கேட்டுக் கற்றதனாலேயே இவ்வளவு தூரம் நடக்க முடிந்தது.

நம் பிள்ளைகளில் பலர் காதால் கேட்டே அழகாக வாசிக்கிறார்கள். அவர்கள் 'ஏன்' என்று கேட்கும் இடத்தில்தான் நாம் தடுக்கிறோம். சோதனை முக்கியம்தான், ஆனால் அன்று அந்தப் பையன் கேட்டதும் ஒரு பாடமே. அதற்கான பதிலை அவனிடம் நேரில் சொல்ல நமக்கு வாய்க்கவில்லை.

தம்பி, நீ எங்கிருந்தாலும் கேள்: அந்த விரல் காந்தாரத்தை எடுத்துவிட்டது, அதனால்தான் பாட்டு முடியவில்லை. விரலைத் திரும்ப வை, முடியும்.

பெற்றோரே, லயத்து வாசலில் உங்கள் பிள்ளை ஒரே தந்தியை மீண்டும் மீண்டும் மீட்டினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.