வெகுசன இசையும் வரலாற்றுச் சான்றும்: முதலிடப் பாடல் வரிசைகள் பற்றிய ஒரு நோக்கு

அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஆராய்வோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் ஆவணக் காப்பகமும் துணைநிற்கின்றன. சாதாரண மக்கள் தம் ஓய்வு வேளையில் எதனைக் கேட்டு மகிழ்ந்தனர் என்று ஆராயப் புகுவோர்க்கு இத்தகைய வளமான துணை எளிதிற் கிட்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியைப் பொறுத்தவரை இக்குறையை ஓரளவு நிரப்புவனவாகக் கருதப்படுபவை, வாரந்தோறும் வெளியிடப்பட்ட பாடல் வரிசைப் பட்டியல்களாகும். குறித்த வாரத்தில் எப்பாடல் முதலிடம் பெற்றது என்பதை அவை ஐயத்துக்கிடமின்றிக் கூறுவனபோலத் தோன்றுகின்றன. அவை உண்மையில் எதனை அளந்தன, யாரை அளவாது விட்டன என்னும் வினாக்களை 1960களின் தொடக்ககாலப் பிரித்தானியாவையும் அதே காலத்து இலங்கை வானொலியையும் ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வன்னிப் பெருநிலப்பரப்பின் ஓமந்தை இவ்வாய்வுக்கு ஓர் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றது.

பிரித்தானியப் பாடல் வரிசைகள்

பிரித்தானியாவில் ஒரு பாடலின் செல்வாக்கு நெடுங்காலமாக அதன் இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனையைக் கொண்டே மதிக்கப்பட்டு வந்தது. இல்லத்திற் பியானோ வைத்திருந்த குடும்பங்கள் தாளை வாங்கித் தாமே பாடி மகிழ்ந்த காலத்துக்கு அவ்வளவுகோல் பொருந்துவதாயிற்று. இசைத்தட்டு விற்பனையை அடிப்படையாகக் கொண்ட முதலாவது பட்டியலை ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிறஸ்’ என்னும் இதழ் 1952 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி வெளியிட்டது. அவ்விதழைச் சேர்ந்த பேர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, அதிகம் விற்ற தட்டுக்கள் எவையெனக் கேட்டறிந்து அதனைத் தொகுத்தார். அமெரிக்கப் பாடகரான அல் மார்ட்டினோவின் பாடலொன்று அதில் முதலிடம் பெற்றது. விளம்பரம் பெறுவதற்கு வாய்ப்பானதோர் உத்தியாகத் தொடங்கிய இம்முயற்சியே காலப்போக்கில் நாட்டின் இசைச்சுவைக்குரிய அளவுகோலாக உயர்ந்தது.

1960களின் தொடக்கத்தில் இவ்வளவுகோல் பெற்ற முக்கியத்துவத்துக்குச் சமூகப் பொருளாதாரக் காரணிகள் பல உண்டு. போருக்குப் பிந்திய மீட்சியின் பயனாக இளைஞர் கையில் தாமே செலவிடத்தக்க ஊதியம் இருந்தது. ஆடவரைப் படைக்கு அழைக்கும் கட்டாயச் சேவைக்கான ஆட்சேர்ப்பு 1960 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. எளிதில் உடையும் 78 சுற்று வேகத் தட்டுக்களின் இடத்தை, பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட, இலேசான 45 சுற்று வேகத் தட்டுக்கள் பிடித்துக்கொண்டன. இந்தியாவின் இலக்னோ நகரிற் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்து சென்ற கிளிஃப் றிச்சாட், பதினான்கு வயதில் 1961 இல் முதலிடத்தை எட்டிய ஹெலன் ஷப்பிறோ முதலியோர் இப்புதிய கொள்வனவாளர் கூட்டத்தின் நாயகர்களாயினர். இலண்டன் ஹொலோவே வீதியில், தோற்பொருட் கடையொன்றின் மேல்மாடியில் ஜோ மீக் என்பவர் அமைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான ‘டெல்ஸ்ரார்’ என்னும் வாத்திய இசை, 1962 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு விண்ணில் ஏவப்பட்ட செய்தித்தொடர்புச் செய்மதியின் பெயரையே அது தாங்கியிருந்தது.

எனினும், ‘முதலிடம்’ என்பது ஒருமைப்பட்ட உண்மையாக அக்காலத்தில் இருக்கவில்லை. பல இதழ்கள் தத்தம் பட்டியல்களை வெளியிட்டு வந்தன. பீற்றில்ஸ் குழுவினரின் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ 1963 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிறஸ்’, ‘மெலடி மேக்கர்’ ஆகிய இரு இதழ்களின் பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது. ‘றெக்கோட் றீற்றெய்லர்’ என்னும் வணிக இதழின் பட்டியலிலோ அதற்கு இரண்டாமிடமே கிடைத்தது. முன்னைய இரண்டும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளிடம் விபரம் பெற்றவை. பின்னையது ஏறத்தாழ முப்பது கடைகளையே நம்பியிருந்தது. ஆயினும், பிற்காலத்து நூற்றொகுப்பாளர்கள் 1960 ஆம் ஆண்டுக்குப் பின்னைய காலத்துக்குச் சிறிய மாதிரியைக் கொண்ட இப்பட்டியலையே ஆதாரமாகக் கொண்டனர். அதன் விளைவாக, முதலிடப் பாடல்களைத் தொகுத்து 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பீற்றில்ஸ் இசைத்தொகுப்பில் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ இடம்பெறவில்லை. அக்காலத்து மக்களுள் பெரும்பாலோர் முதலிடம் என நம்பிய ஒன்று, பின்வந்தோர் ஆவணமொன்றைத் தெரிவு செய்த முறையினால் இரண்டாமிடமாயிற்று. சான்று தானாகப் பேசுவதில்லை, தெரிவு செய்வோனின் வாயிலாகவே பேசுகின்றது என்னும் வரலாற்றியல் உண்மைக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

லக்சம்பேர்க்கும் கொழும்பும்

பிரித்தானிய இளைஞர் இப்பாடல்களைக் கேட்ட வழி ஈண்டு கவனத்திற்குரியது. இசைத்தட்டுக்களை ஒலிபரப்பும் நேரம் தொடர்பான ஒப்பந்தக் கட்டுப்பாடுகள் பி.பி.சி. நிறுவனத்துக்கு இருந்தன. ஆகவே, நாட்டுக்கு வெளியேயிருந்து ஒலித்த லக்சம்பேர்க் வானொலியை இளைஞர் இரவு நேரங்களில் நாடினர். 1964 ஆம் ஆண்டு முதல் கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து கரோலைன் முதலிய நிலையங்கள் ஒலிக்கத் தொடங்கின. 1967 ஆம் ஆண்டிலேயே பி.பி.சி. நிறுவனம் இத்தகைய இசைக்கெனத் தனிச் சேவையொன்றை ஆரம்பித்தது.

தென்னாசியாவில் லக்சம்பேர்க்கின் இடத்தை வகித்தது கொழும்பு ஆகும். 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் நிறுவிய வலிமை மிக்க சிற்றலை நிலையம் 1949 இல் இலங்கை அரசின் வசமாயிற்று. மறு ஆண்டு வர்த்தக சேவை ஆரம்பிக்கப்பட்டது. 1952 இல் இந்திய ஒலிபரப்புத்துறை அமைச்சராகிய பி. வி. கேஸ்கர் திரையிசையைத் தரம் குன்றியதெனக் கருதியமையால், அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகின. அவ்வெற்றிடத்தைக் கொழும்பு நிரப்பியது. அமீன் சயானி தொகுத்தளித்த ‘பினாக்கா கீத்மாலா’ அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கை வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. அதற்கு ஈடுகொடுக்கும் வகையில் 1957 இல் ‘விவித் பாரதி’ சேவையை இந்தியா தொடக்க வேண்டியதாயிற்று.

கீத்மாலா நேயர்களின் கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு தொடங்கியது. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் கிடைத்ததாகச் சயானி நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் அது பாடல் வரிசையாக மாறியபோது இசைத்தட்டு விற்பனையும் கணக்கிலெடுக்கப்பட்டது. ஆனால், ஒரு தட்டு கடையில் விற்றுத் தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் அதன் விற்பனை வீழ்ந்ததாகவே கணக்குக் காட்டும். விருப்பம் குறைந்ததா, சரக்குக் குறைந்ததா என்பதைக் கணக்கு அறியாது. இக்குறையை ஈடுசெய்யும்பொருட்டு ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் கருத்தும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கடையை மட்டும் நம்பிய பிரித்தானியப் பட்டியல்களோடு ஒப்பிடுகையில், கடைக்கு அப்பாலுள்ள கேட்போனையும் எண்ண முயன்ற இவ்வேற்பாடு சிந்தனைக்குரியதாகும்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் நேயர் கடிதத்தையே உயிர்நாடியாகக் கொண்டிருந்தது. எஸ். பி. மயில்வாகனன், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்கள் பாக்குநீரிணையின் இருமருங்கும் பழக்கமானவை. ‘நேயர் விருப்பம்’ போன்ற நிகழ்ச்சிகளில் பாடலுக்கு முன்னர் அதனை விரும்பிக் கேட்டோரின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன.

துள்ளிசையின் தோற்றம்

மேலைநாட்டுப் பொப் இசையின் அலை இலங்கையிலும் எதிரொலித்தது. ஆங்கில சேவை ஒலிபரப்பிய தட்டுக்களைக் கேட்டு வளர்ந்த நகர இளைஞர் கிற்றாரைக் கையிலெடுத்தனர். போர்த்துக்கேயர் காலத் தொடர்புடைய கபிரிஞ்ஞாவிலிருந்து உருவெடுத்த பைலா இசை ஏற்கெனவே நாட்டில் வேரூன்றியிருந்தது. கலிப்சோப் பாணிக் குழுக்களைத் தொடர்ந்து, 1960களின் நடுப்பகுதியில் கிளாறன்ஸ் விஜேவர்த்தனவின் ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழு சிங்களத்திற் பொப் இசைக்குத் தனியிடம் தேடிக்கொடுத்தது.

தமிழில் இம்முயற்சி 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் தளிர்த்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரன் புகழ்பரப்பிய ‘சுராங்கனி’ ஆகியவை பட்டிதொட்டியெங்கும் பாடப்பட்டன. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு, அயலவர் வாழ்வு பற்றிய எள்ளல், பைலாவின் தாளக்கட்டு ஆகியன இணைந்த இப்பாடல்கள் ‘துள்ளிசை’ எனப் பெயர்பெற்றன. தமிழகத் திரைப்பாடலை மட்டுமே கேட்டுப் பழகிய ஈழத்துச் செவிக்குத் தன் சொந்தப் பேச்சைப் பாட்டாகக் கேட்டமை புதியதோர் அனுபவமாயிற்று. ‘சுராங்கனி’ 1977 ஆம் ஆண்டில் இளையராசாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தினூடாகத் தமிழகத்தையும் சென்றடைந்தது. ‘சிலோன் மனோகர்’ என அங்கு அறியப்பட்ட மனோகரன் 2018 இற் சென்னையிற் காலமானார். வழமையாகத் திரைப்பாடலைத் தந்த திசைக்கே ஈழத்துப் பாடலொன்று சென்றமை எந்த விற்பனைப் பட்டியலின் துணையுமின்றி நிகழ்ந்ததாகும்.

கடையற்ற ஊரின் கணக்கு

இங்குதான் ஓமந்தை போன்ற ஊர்கள் ஆய்வாளனுக்கு வினா எழுப்புகின்றன. வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியும் வடபகுதிப் புகையிரதப் பாதையும் ஊடறுக்கும் இவ்வூர், குளங்களையும் வயல்களையும் சார்ந்து வாழ்வது. இசைத்தட்டுக் கடை என்பது கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய நகரங்களுக்குரிய வணிகம். மின்சாரம் எட்டாத வன்னிக் கிராமங்களில் இசைத்தட்டைச் சுழற்றும் கருவி வீட்டுப் பொருளாக இருத்தலரிது. விற்பனைப் பட்டியலின் கண்கொண்டு நோக்கின், இத்தகைய ஊருக்கு இசைச்சுவை என ஒன்று இருந்ததாகவே தோன்றாது.

உண்மை நிலை வேறு. மின்கலத்தில் இயங்கும் திரான்சிஸ்ரர் வானொலி பரவியபின், வயல் வரம்பும் தேநீர்க் கடையும் கேட்கும் இடங்களாயின. கோயிற் றிருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிபெருக்கிக்காரர் கொணரும் தட்டு, இரவு முழுவதும் ஊரெங்கும் ஒலித்தது. ஒலிபெருக்கிக்காரர் வாங்கிய தட்டு ஒன்று. அதைக் கேட்டோர் பல நூற்றுவர். விற்பனைக் கணக்கில் அது ஒன்றேயாகும். இலண்டனில் தன் அறையிலிருந்து தனியே கேட்ட இளைஞனும், வன்னித் திருவிழாவில் ஒன்றுகூடிய ஊரும் அக்கணக்கிற் சமமாகி விடுகின்றன.

அஞ்சலட்டையும் குறையற்ற சான்றன்று. எழுதத் தெரிந்தவரே எழுதினர். முத்திரைக்குக் காசுடையவரே அனுப்பினர். ஒருவரே பல பெயர்களில் எழுதவும் இயலும். வீட்டாரின் கண்ணுக்கு அஞ்சித் தம் பெயரை வானலையில் விட விரும்பாத பெண்கள் எத்தனையோ பேர். எனினும் கடைக்கணக்கு காட்டாத ஒன்றை அது காட்டியது: கேட்டவருக்கு ஒரு பெயரும் ஓர் ஊரும் உண்டு என்பதை. பட்டியல் அச்சிலேறி நூலகத்தை அடைந்தது. அட்டையோ வாசிக்கப்பட்டதும் தன் பணியை முடித்துக்கொண்டது. அழியாது நின்றதே முக்கியமானது என எண்ணுவது வரலாற்று மாணவர்க்கு எளிதில் நேரக்கூடிய மயக்கமாகும்.

பிற்கால நிகழ்வுகள் இம்மயக்கத்தை மேலும் ஆழமாக்கின. 1990களின் பொருளாதாரத் தடையின்கீழ் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக் கொண்டு மக்கள் வானொலி கேட்டனர். ஒருவர் களைப்புறும்போது மற்றவர் சுழற்ற வேண்டும். கை ஓய்ந்தால் ஒலியும் ஓயும். செய்திக்காகவே பெரிதும் இவ்வாறு சுழற்றப்பட்டதெனினும், செய்திக்குப் பின் வந்த பாட்டையும் அக்கையே ஒலிக்கச் செய்தது. ஆறு ஷில்லிங்குக்குச் சற்று மேற்பட்ட விலை கொடுத்துத் தட்டு வாங்கிய விருப்பத்தை எண்ணத் தெரிந்த உலகுக்கு, இவ்வுழைப்பால் வெளிப்பட்ட விருப்பத்தை எண்ணுதற்கு ஓர் அலகு கிடையாது.

1997 ஆம் ஆண்டின் ‘ஜயசிக்குறு’ படைநடவடிக்கையிலும், 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னர் அமைந்த சோதனைச்சாவடியிலும் ஓமந்தை என்னும் பெயர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. போர்க்காலத்தில் அற்றுப்போன புகையிரத சேவை 2011 இல் அவ்வூரை மீண்டும் எட்டியது. ஓமந்தை பற்றி எழுதப்புகும் எதிர்கால வரலாற்றாசிரியன் படைத்துறை அறிக்கைகளையும் செய்தி நறுக்குகளையும் ஏராளமாகக் காண்பான். அவற்றை மட்டும் கொண்டு எழுதுவானாயின், அங்கு வாழ்ந்தோர் சோதிக்கப்பட்டோராகவும் இடம்பெயர்ந்தோராகவும் மட்டுமே தோன்றுவர். ஒரு பாட்டை விரும்பிக் கேட்டோராகத் தோன்றார். அவ்விடுபாடு சிறியதன்று. துன்பத்தால் மட்டும் அறியப்படும் மக்கள், வரலாற்றில் அரைகுறையாகவே அறியப்படுகின்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பாடல் வரிசைப் பட்டியல் விற்பனையின் ஆவணமே எனலாம். விருப்பத்தின் ஆவணமாக அதனைக் கொள்வதாயின் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கணக்கெடுப்பு செழித்திருந்த பிரித்தானியாவிலேயே முதலிடம் எது என்பதிற் கருத்தொருமை இருக்கவில்லை. இலங்கை வானொலியோ கடிதத்தின் வாயிலாக வேறுபட்ட அளவுகோலொன்றைத் தந்தது. துள்ளிசைப் பாடல்கள் அளவுகோலின்றியே பரவின.

எஞ்சியிருக்கும் சான்று மனித நினைவேயாகும். 1960களில் இளைஞராயிருந்தோர் இன்று எண்பதை அண்மிக்கின்றனர் அல்லது கடந்துவிட்டனர். ஒலிபெருக்கிச் சேவை நடத்தியோர், திருவிழாவில் எத்தட்டை மீண்டும் போடச்சொல்லி மக்கள் கேட்டனர் என்பதை அறிவர். அஞ்சலட்டை எழுதியோர், வானொலியில் தம் பெயர் ஒலித்த நாளை மறந்திரார். 2005 ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ எண்ணிம முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்து வருகின்றது. அதுபோன்று செவிவழி நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்து, இடம், காலம் குறித்துப் பேணுதல் வரலாறு பயிலும் மாணவர்களாகிய நம் கைக்கெட்டிய பணியாகும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடமேனும் அக்காலத்தில் அவர் விரும்பிக் கேட்ட பாடல் எதுவென வினவி எழுதிவருவாராயின், எந்தக் கடையும் தொகுத்திராத ஒரு பட்டியல் நம்மிடம் சேரும். அதில் முதலிடம் எதற்கு என்பது பின்னர் ஆராயத்தக்கது. அதில் எவ்வெவ் ஊர்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன என்பதே முதலில் வேண்டப்படுவது.