பாட்டில் விட்ட இடம்: தமிழ்த் தொடக்கக் கல்வியில் பங்கேற்புப் பாடலின் வரலாறு

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குப் பாட்டு வழியே கற்பிப்பது குறித்துப் பேசும்போது ஒரு வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நம் பழைய பள்ளி வெறும் மனப்பாடப் பள்ளி. ஐரோப்பாவிலிருந்து ஃபிரோபெலும் மாண்டிசோரியும் வந்த பின்னரே வகுப்பறைக்குள் பாட்டும் ஆட்டமும் நுழைந்தன என்பது அதன் சாரம். இது பாதி உண்மை. திண்ணைப் பள்ளியிலும் பாட்டு இருந்தது. பள்ளிக்கு வெளியே அதைவிட வளமான பாட்டு மரபும் இருந்தது. ஆகவே, பாட்டு எப்போது வகுப்புக்கு வந்தது என்று கேட்பதைக் காட்டிலும், பாட்டுக்குள் குழந்தைக்கு என்ன வேலை தரப்பட்டது என்று கேட்பது பயனுடையது. இப்பதிவு அந்த வினாவைக் காலவரிசையில் பின்தொடர்கிறது.

முதலில் ஒரு வகைப்பாடு. பாட்டோடு குழந்தை மூன்று விதமாக உறவு கொள்ளலாம். ஒன்று, பாட்டைக் கேட்டு உடலால் எதிர்வினை செய்வது: கைதட்டுதல், குதித்தல், விரல் மடக்குதல். இரண்டு, சொல்லப்பட்ட அடியை அப்படியே திருப்பிச் சொல்வது. மூன்று, பாட்டில் வேண்டுமென்றே விடப்பட்ட இடத்தில் தன் சொல்லை இட்டு அடியை நிறைவு செய்வது. கல்வி ஆவணங்கள் இம்மூன்றையும் 'பங்கேற்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. மொழி கற்றலைப் பொறுத்தவரை இவை மூன்றும் வெவ்வேறு செயல்கள்.

தமிழில் முதல் வகைக்கான சான்று மிகப் பழையது. பெரியாழ்வார் தம் திருமொழியில் கண்ணனைக் குழந்தையாக வைத்துச் செங்கீரை, சப்பாணி, அம்புலி எனப் பாடுகிறார். பிற்காலத்தில் இவை பிள்ளைத்தமிழின் பருவங்களாக வரையறுக்கப்பட்டன. சப்பாணி என்பது கைகளைச் சேர்த்துக் கொட்டுதல். குழந்தையைக் கை கொட்டும்படி அழைக்கும் பாட்டு இலக்கிய வகையாக நிலைபெற வேண்டுமானால், அதற்கு முன்பே வீடுகளில் அப்படிப்பட்ட பாட்டு புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தாலாட்டு குழந்தையை அடக்கி உறங்கவைக்க, சப்பாணி அதன் உடலை எழுப்புகிறது.

மூன்றாம் வகைக்கான தடயத்தைத் திருவாசகத்தில் காணலாம். அம்மானை, பொன்னூசல், தோணோக்கம், உந்தி, சாழல் எனப் பெண்களின் விளையாட்டுகளை மாணிக்கவாசகர் பாடல் வடிவங்களாக எடுத்தாள்கிறார். இவற்றுள் சாழல் வினாவும் விடையுமாக அமைந்தது. ஒருத்தி இறைவனின் செயலைக் குறித்து வம்பாகக் கேட்க, மற்றவள் விடை தருகிறாள். நம் கையில் இருப்பது பக்திப் பனுவல்; ஆனால் அதன் அச்சு விளையாட்டுக் களத்திலிருந்து வந்தது. கேட்பவளுக்கும் விடை சொல்பவளுக்கும் அதில் தனித்தனி இடங்கள் உள்ளன.

நம் காலம்வரை வந்துள்ள 'பூப்பறிக்க வருகிறோம்' என்னும் விளையாட்டை இதனோடு வைத்துப் பார்க்கலாம். இரு அணிகள் எதிரெதிரே நிற்கும். ஓர் அணி கேட்கும், மற்றொன்று விடை சொல்லும். பாட்டின் குறிப்பிட்ட இடத்தில் எதிரணிக் குழந்தை ஒருத்தியின் பெயரை இட வேண்டும். அந்தப் பெயர் முன்கூட்டி எழுதப்பட்டதன்று. ஆடுபவர்கள் அந்தக் கணத்தில் தீர்மானிப்பது. பெயர் மாறினாலும் சந்தம் கெடாமல் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் பொறுப்பு. யாரும் கற்றுக்கொடுக்காமலே அவர்கள் அசை எண்ணப் பழகிவிடுகிறார்கள்.

திண்ணைப் பள்ளியின் குரல் இதிலிருந்து வேறானது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி ஆகியவை அங்கே உரத்த குரலில் ஓதப்பட்டன. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொன்னார்கள். மணலில் விரலால் எழுதும்போதே எழுத்தின் ஒலியையும் சொன்னார்கள். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் அந்தப் பள்ளி நாட்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இம்முறை நினைவாற்றலை எந்த அளவு வளர்த்தது என்பதற்கு அவர் தலைமுறையின் புலமையே சான்று. ஆயினும் நம் வகைப்பாட்டில் இது இரண்டாம் வகை. குழந்தையின் குரல் இன்றியமையாதது. குழந்தையின் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பள்ளி முறையைக் கண்டு, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு அதை இணைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. திண்ணையிலிருந்து அவர் ஏற்றுமதி செய்தது ஒழுங்கும் சிக்கனமும் கொண்ட முறையை. தெருவில் அதே பிள்ளைகள் ஆடிப் பாடிய வினாவிடைப் பாட்டு அவர் கணக்கில் வரவில்லை. திண்ணை ஆசிரியரின் கணக்கிலும் அது கல்வியாக இருந்ததில்லை. இந்தப் பிரிவினை உள்ளூரிலேயே இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் 1837-இல் தம் குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய ஃபிரோபெல், 1844-இல் தாய்மார்க்கான விளையாட்டுப் பாடல்களை நூலாக்கினார். தாயும் குழந்தையும் விரலாலும் கையாலும் ஆடிப் பாடுவதற்கானவை அவை. ஏறத்தாழ நம் சப்பாணியின் உறவினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தக் கிண்டர்கார்ட்டன் முறை சென்னை மாகாணத்தையும் எட்டியது. வீட்டில் இருவருக்கிடையே நிகழ்ந்த விளையாட்டு வகுப்பறைக்கு வரும்போது, ஒரே அசைவை நாற்பது பேர் ஒரே நேரத்தில் செய்யும் பயிற்சியாக எளிதில் மாறிவிடும். 'அபிநயப் பாடல்' என்ற பெயர் தமிழிலும் தெலுங்கிலும் ஆசிரியப் பயிற்சியின் சொல்லாக நிலைத்தது. அப்பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அபிநயத்தில் பொருள் முன்பே தீர்மானிக்கப்பட்டது. ஆடுபவர் அதைக் காட்டுகிறார்.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ்க் கவிஞர்கள் இத்துறையில் செய்த பணி பெரிது. பாரதியின் பாப்பாப் பாட்டு 1915-இல் வெளிவந்தது. தேரூரில் பிறந்து பல்லாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மலரும் மாலையும்' 1938-இல் வந்தது. வங்கிப் பணியிலிருந்துகொண்டே எழுதிய அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944-இல் வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானதிலும் அவர் பங்கு முதன்மையானது. அறநூல்களின் கட்டளை நடையை விட்டு, குழந்தையின் கண்மட்டத்திலுள்ள பூனையையும் நிலாவையும் தோட்டத்தையும் இவர்கள் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

மொழியியல் நோக்கில் இவர்கள் பணியின் மற்றொரு பக்கம் போதிய கவனம் பெறவில்லை. குழந்தையின் எதுகையுணர்வுக்கும் பின்னாளைய வாசிப்புத் திறனுக்கும் தொடர்பு உண்டென்று பிராட்லியும் பிரையண்ட்டும் 1983-இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஆங்கிலம். ஆங்கில மழலைப் பாடலின் ஓசை ஒற்றுமை பெரும்பாலும் அடியின் இறுதியில் விழுகிறது. தமிழிலோ மோனை முதலெழுத்தையும் எதுகை இரண்டாம் எழுத்தையும் காதுக்குச் சுட்டுகின்றன. 'பட்டு, தட்டு, முட்டு' என்றும், 'கடை, கதவு, கரும்பு' என்றும் கேட்டுப் பழகும் குழந்தை, சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கேட்கப் பழகுகிறது. தமிழ் எழுத்துமுறையும் அசையின் அளவிலேயே இயங்குவதால், பாட்டின் ஓசையலகும் எழுத்தின் அலகும் இங்கே நெருங்கி வருகின்றன. ஆங்கில மழலைப் பாடலை மொழிபெயர்த்து ஈற்றில் மட்டும் ஓசை சேர்ப்பதால் இந்தப் பயன் கிட்டுமா என்பது ஐயமே. இதைச் சோதிக்க வேண்டிய கருதுகோளாக மட்டும் இங்கே முன்வைக்கிறேன்.

ஆனால் கவிஞரின் பாட்டு பாடநூலில் அச்சேறியதும் இரண்டாம் வகைக்குத் திரும்பியது. மனப்பாடப் பகுதி என்று குறிக்கப்பட்ட பாட்டில் ஒரு சொல்லை மாற்றினால் அது பிழை. அச்சு, பாட்டைக் காத்தது. அதே நேரத்தில் அதை மூடியும் வைத்தது.

அச்சுக்கு வெளியே நடந்த ஒரு முயற்சி சென்னையையும் நான் வாழும் ஹைதராபாத்தையும் இணைக்கிறது. 'ரேடியோ அண்ணய்யா', 'ரேடியோ அக்கய்யா' என்று தெலுங்குக் குழந்தைகள் அழைத்த நியாயபதி ராகவராவும் காமேசுவரியும் சென்னை வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொடங்கி, 1940-இல் ஆந்திர பாலானந்த சங்கத்தை நிறுவினார்கள். 1945-இல் 'பால' என்னும் இதழையும் தொடங்கினார்கள். ஆந்திரப் பிரதேசம் உருவான 1956-இல் அவர்களுடைய பணி ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்நிகழ்ச்சியில் ஒலித்தவை குழந்தைகளின் குரல்கள். வானொலி ஒருவழி ஊடகம் என்பர். இங்கே ஒலிவாங்கியின் முன் நின்றவர்களும் குழந்தைகளே.

பாட்டில் இடம் விடும் மரபு கல்விக்குள் பெருமளவில் நுழைந்தது முதியோர் கல்வி வழியாக. எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கம் மாவட்டந்தோறும் பரவியது. கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் பாடிச் சென்றன. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்ற இயக்கமும் பாட்டோடுதான் நடந்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' அந்த ஆண்டுகளின் உள்ளிருந்து எழுதப்பட்ட பதிவு. கற்க வந்தவர்களிடம் ஏற்கெனவே ஏராளமான பாட்டு இருந்தது என்பதே தொண்டர்கள் அங்கே பெற்ற பாடம். நடவுப் பாட்டில் முன்பாட்டுக்காரி அடியைப் புதிதாகக் கட்டுவதைக் கண்டவர்கள், தாங்கள் கொண்டுபோன பாட்டையும் திறந்து வைத்தார்கள். அவர்களுள் பலர் பள்ளி ஆசிரியர்கள். அந்தப் பழக்கம் அவர்களோடு தொடக்க வகுப்புக்கும் வந்தது. 1990களில் 'கற்றலில் இனிமை' போன்ற முயற்சிகளுக்குப் பின்னணி இதுவே.

அடுத்து வந்த சீர்திருத்தம் மற்றொரு திசையில் சென்றது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் உருவான அட்டைவழிக் கற்றல் முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் அது மாநிலம் முழுதும் விரிந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறும் ஏற்பாடு அது. அதன் நன்மைகள் பல. ஆனால் ஏணியில் ஒருவர்தாம் ஏற முடியும். பாட்டுக்குக் கூட்டம் வேண்டும். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆடல், பாடல், கதை ஆகியவற்றுக்கு வகுப்பில் மீண்டும் வெளிப்படையான இடம் கொடுத்தது. அந்தக் களத்தில் குழந்தை திருப்பிச் சொல்கிறதா, தன் சொல்லை இடுகிறதா என்பதைத் திட்டம் தீர்மானிக்க இயலாது, ஆசிரியரே தீர்மானிக்கிறார்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஏ.எஸ்.ராவ் நகர், இசிஐஎல் நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயர் தாங்கிய பகுதி. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி ஆகியவற்றைப் பள்ளியில் கற்கிறார்கள். தெலுங்கைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2018-இல் தெலங்கானாவில் வந்தது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நல்லதே. தமிழ் வீட்டில் மட்டும் எஞ்சுகிறது. அதுவும் பெரும்பாலும் கைபேசித் திரையில் ஓடும் மழலைப் பாடலாக எஞ்சுகிறது. திரை நிற்பதில்லை, குழந்தை சொல்லுக்காகத் தயங்கும் நொடியில் அடுத்த அடி வந்துவிடுகிறது.

இடம் விட்ட பாட்டு என்ன செய்யும் என்பதற்கு நானே கட்டிய ஓர் எளிய அடி: "எங்கே போகிறாய்?" என்று ஒரு பக்கம் கேட்க, "...க்குப் போகிறேன்" என்று மறுபக்கம் நிரப்ப வேண்டும். 'கடை' என்றால் 'கடைக்கு'. 'வீடு' வந்தால் ஒற்று இரட்டித்து 'வீட்டுக்கு'. 'குளம்' வந்தால் மகரம் கெட்டு, அத்துச் சாரியை தோன்றிக் 'குளத்துக்கு'. திருப்பிச் சொல்லும் குழந்தை இவ்வடிவங்களைக் கேட்டறியும். இட்டு நிரப்பும் குழந்தை அவற்றைத் தானே ஆக்க வேண்டும். 'குளம்க்கு' என்று அது சொன்னால், அதன் இலக்கணம் எந்தப் படியில் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். வட்டத்தில் அடுத்த குழந்தை 'குளத்துக்கு' என்று பாடும்போது திருத்தமும் பாட்டுக்குள்ளேயே நடந்துவிடும். யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. தெலுங்கிலும் 'இல்லு' என்பது 'இண்டிகி' ஆகிறது, 'புஸ்தகம்' என்பது 'புஸ்தகானிகி' ஆகிறது. தெலுங்குத் தோழியும் வட்டத்தில் இருந்தால், இரு மொழிகளும் பெயர்ச்சொல்லை ஒரே பாங்கில் திரிக்கின்றன என்பதை இலக்கணக் கலைச்சொல் ஒன்றும் இல்லாமல் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

ஆசிரியப் பயிற்சியிலும் பாடநூல் ஆக்கத்திலும் உள்ள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாட்டைப் பங்கேற்புப் பாடல் என்று வகைப்படுத்தும் முன், அதில் குழந்தை தீர்மானிக்க வேண்டிய சொல் ஒன்றேனும் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் ஓர் அடியைத் திறந்துவிடுங்கள். உங்கள் ஊரில் பிள்ளைகள் இன்றும் ஆடும் வினாவிடைப் பாட்டுகள் இருந்தால் பதிவு செய்யுங்கள். எந்த இடத்தில் சொல் மாறுகிறது, யார் மாற்றுகிறார், எதை இடுகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாட்டார் பாடல் தொகுப்புகளில் நமக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒரே வடிவம் கொண்ட அச்சுப் பிரதிகள். மாறும் இடங்களைக் குறித்த பதிவுகள் கிடைத்தால்தான் இந்த வரலாற்றின் மறுபாதியை எழுத முடியும்.