ஃபோட்டானை விழுங்காமல் பார்த்தவர்கள்

1951இல் பாரிஸின் எகோல் நார்மால் சுப்பீரியர் கல்லூரியில் ஆல்ஃபிரட் காஸ்ட்லரும் அவருடைய மாணவர் ழான் பிரோசலும் ஒரு நிறமாலை ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். ஒளியைப் பாய்ச்சி அணுக்களை வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் அவர்களுடைய ஆராய்ச்சிக்கு 1966இல் கிடைத்த நோபல் பரிசு காஸ்ட்லருக்கு மட்டுமே போயிற்று. 1994இல் பெயர் மாற்றியபோது 'காஸ்ட்லர் பிரோசல் ஆய்வகம்' என்று இருவரையும் சேர்த்தே வைத்தார்கள். பரிசுக் குழு விட்ட குறையை வீட்டார் தீர்த்துவைத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அவர்களிடம் பயின்றவர் கிளாட் கோஹன்-தனூஜி. அவரிடம் பயின்றவர் செர்ஜ் அரோஷ். ஒளியால் அணுவை ஆள்வது காஸ்ட்லர் வழி. பேரப்பிள்ளை முறையாகும் அரோஷ் அதைத் திருப்பிப் போட்டார்: அணுவை அனுப்பி ஒளியை வேவு பார்த்தார்.

சாதாரண உணரி ஒளித்துகளான ஃபோட்டானை விழுங்கிவிட்டுத்தான் அது வந்த சேதியைச் சொல்லும். விழுங்காமல் பார்க்க வேண்டுமானால் அதைச் சற்று நேரமாவது அடைத்துவைக்க வேண்டும். அரோஷும் அவருடைய சகாக்கள் ழான்-மிஷேல் ரேமோனும் மிஷேல் புருனும் பட்ட பாடெல்லாம் அந்தச் 'சற்று நேரத்துக்கு'த்தான். 1996இல் அவர்கள் செய்த ஒரு சோதனையில் ஒளி தங்கியது 160 மைக்ரோ விநாடி. பத்தாண்டு கழித்து, நையோபியம் பூசிய செப்பு ஆடிகளை 2.7 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே வைத்து, தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரிக்கும் குறைவான குளிரில் நிறுத்தியபோது, அது 130 மில்லி விநாடியானது. அதற்குள் ஃபோட்டான் ஆடிகளுக்கிடையே நூறு கோடி முறைக்கு மேல் மோதித் திரும்பிவிடும். நேர்கோட்டில் விட்டிருந்தால் ஏறக்குறைய பூமியைச் சுற்றி வந்திருக்கும். (இது கண்ணுக்குத் தெரியும் ஒளியல்ல, நுண்ணலை.)

அந்த இடைவெளி வழியே ரூபிடியம் அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். சாதாரண அணுவைப்போல ஆயிரம் மடங்கு ஊதிய அணுக்கள் அவை. உள்ளே ஃபோட்டான் இருந்தால் கடந்துபோகும் அணுவின் ஊசலாட்டத்தின் கட்டம் மாறும். ஃபோட்டானோ அப்படியே இருக்கும். 2007இல் ஒரே ஃபோட்டான் பிறந்து மறைவதை இப்படிப் பதிவு செய்தார்கள்.

மறு ஆண்டு, வெவ்வேறு கட்டங்களில் ஒரே சமயத்தில் நிற்கும் ஒளியை உண்டாக்கினார்கள்; ஷ்ரோடிங்கரின் பூனை என்று இயற்பியலார் செல்லமாக அழைப்பது இதைத்தான். அதே நிலையைத் திரும்பத் திரும்ப உருவாக்கி அளந்து, அதன் முழு உருவத்தைக் காட்டும் விக்னர் வரைபடத்தைத் தீட்டினார்கள். இரண்டு மேடுகள், நடுவே, சாதாரண ஒளியில் காண முடியாத, சுழிக்குக் கீழே இறங்கும் பள்ளங்கள். சில பத்து மில்லி விநாடிகளில் அந்தப் பள்ளங்கள் தூர்ந்து, மேடுகள் இரண்டு மட்டும் மிஞ்சுவதையும் படம் படமாக எடுத்துவைத்திருக்கிறார்கள்.