சர்வர் தயாரா? - ஒரு காத்திருப்பின் வரலாறு

சோறு வெந்துவிட்டதா என்று அறிய மூன்று வழிகள் உண்டு. கடிகாரத்தைப் பார்க்கலாம். நடுநடுவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கலாம். குக்கர் என்றால் விசில் வரும்வரை பேசாமல் இருக்கலாம். கிளவுட் கம்ப்யூட்டிங் எனப்படும் மேகக் கணிமையிலும் இதே மூன்று வழிகள்தான்!

2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் இசி2 என்ற சேவையைச் சோதனை முறையில் தொடங்கியது. ஒரு சர்வருக்கு வாடகை மணிக்கு 10 சென்ட். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சில நிமிடங்களில் கிடைத்துவிடும்.

ஆனால் அந்தச் சில நிமிடங்களில்தான் சிக்கல். சர்வர் வேண்டும் என்று ஒரு நிரல் கேட்டால் முதலில் வருவது சர்வர் அல்ல, ஓர் அடையாள எண்ணும் 'பென்டிங்' என்ற நிலையும்தான். ஓட்டலில் டோக்கன் கொடுப்பது மாதிரி. பிறகு 'ரன்னிங்' என்று மாறும். அப்போதும் உள்ளே இருக்கும் மென்பொருள்கள் எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மனிதர் என்றால் பொறுத்துப் பார்ப்பார். தானியங்கி நிரல் உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். இணைப்பு கிடைக்காமல் வேலை பாதியில் நிற்கும், வாடகை மட்டும் ஓடும். அன்று ஐந்து நிமிடம் ஓடினாலும் முழு மணி நேரத்துக்குப் பணம்! லினக்ஸ் சர்வர்களுக்கு விநாடிக் கணக்கு வந்தது 2017 அக்டோபரில்தான்.

முதல் வழி, 'ஸ்லீப்' கட்டளை. இத்தனை விநாடி தூங்கு என்று குத்துமதிப்பாகச் சொல்வது. குறைத்துச் சொன்னால் தோல்வி, கூட்டிச் சொன்னால் வீண் செலவு.

இரண்டாவது வழி, திரும்பத் திரும்பக் கேட்பது. அமேசானின் போட்டோ3 என்ற பைத்தான் நூலகம் 15 விநாடிக்கு ஒருமுறை, 40 தடவை கேட்கும். மொத்தம் 10 நிமிடம். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் அமேசானே மறுத்துவிடும். எனவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டும், சற்றே மாற்றி மாற்றியும் கேட்க வேண்டும். இந்த யோசனை பழையது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட் வானொலி வலையமைப்பில், இரண்டு செய்திகள் மோதிக்கொண்டால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பப்பட்டது.

மூன்றாவது, விசில். 2011இல் வந்த கிளவுட்ஃபார்மேஷனில் 'வெயிட் கண்டிஷன்' என்ற வசதி உண்டு. சர்வர் தன் வேலைகளை முடித்துவிட்டு, தானே தகவல் அனுப்பும். அதிகபட்சம் 43,200 விநாடி, அதாவது 12 மணி நேரம் காத்திருக்கலாம்.

கூகுள் 2014இல் வெளியிட்ட குபெர்னெட்டீஸில் கேள்வியே இரண்டாகப் பிரிந்தது. "உயிரோடு இருக்கிறாயா?" என்பது ஒன்று. பதில் இல்லையென்றால் மென்பொருள் மறுபடி தொடங்கப்படும். "வேலைக்குத் தயாரா?" என்பது மற்றொன்று. இல்லையென்றால் வாடிக்கையாளர்கள் அதனிடம் அனுப்பப்பட மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தக் கருவி வந்தாலும் 'தயார்' என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. கடையின் கதவு திறந்தால் போதுமா, கல்லாவில் ஆள் இருக்க வேண்டுமா? அதை இன்றும் மனிதர்தான் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.