நபரும் பாத்திரமும்: காப்பீட்டுத் தரவு வரைபடங்களின் வரலாறு குறித்து

காப்பீட்டு நிறுவனங்களின் தரவுக் கட்டமைப்பைப் பெட்டிகளாலும் கோடுகளாலும் வரையும் வழக்கத்தின் வரலாறு, கணினியியல் நூல்களில் பெரும்பாலும் செயல்திறனின் கதையாகவே எழுதப்படுகிறது. மொழியியல் பயின்றவர் கண்ணுக்கு அது இலக்கணத்தின் கதையாகத் தெரிகிறது. ஒரு பெயர்ச்சொல்லையும் அது வாக்கியத்தில் ஏற்கும் பாத்திரத்தையும் பிரித்தறிய ஒரு தொழில்துறை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. அந்தப் பிரிப்பு பிசகினால், ஒருவர் இறந்தபின் அவருடைய காப்பீட்டுத் தொகை யாருக்கு உரியது என்பதே பிசகிவிடும்.

துளையட்டை இயந்திரங்களை மிக முன்பே பயன்படுத்தத் தொடங்கியவற்றுள் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் அடங்கும். 1928-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த அட்டையில் 80 நெடுவரிசைகள் மட்டுமே இருந்தன. அந்த நெருக்கடியில் பாலிசி எண்ணே பதிவின் திறவுகோலாயிற்று. மூன்று பாலிசி எடுத்த ஒருவர் கோப்பில் மூன்று பேராக வாழ்ந்தார். 1954-இல் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனம் யூனிவாக் கணினியை நிறுவிய காலத்திலும் துறையின் சிந்தனை அட்டையை விட்டு அதிகம் விலகவில்லை. பழைய நடைமுறைகளைச் சிறிது சிறிதாகவே காப்பீட்டாளர்கள் கணினிக்கு மாற்றினர் என்பதை ஜோஆன் யேட்ஸ் 2005-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டுகிறார்.

வரைபடம் 1969-இல் வருகிறது. சார்லஸ் பாக்மன் பதிவு வகைகளைப் பெட்டிகளாகவும் அவற்றுக்கிடையிலான உறவை அம்புகளாகவும் வரைந்தார். 1976-இல் பீட்டர் சென் முன்வைத்த பொருள்–உறவு வரைபடத்தில் உறவுக்கே தனி வடிவம் கிடைத்தது: பொருளுக்குச் செவ்வகம், உறவுக்குச் சாய்சதுரம். 1983-இல் அவர் எழுதிய கட்டுரை மொழியியலாளர் அவசியம் படிக்க வேண்டியது. ஆங்கில வாக்கியத்தின் பொதுப்பெயர் பொருளாகவும், செயப்படுபொருள் குன்றாவினை உறவாகவும், பெயரடை பொருளின் பண்பாகவும், வினையடை உறவின் பண்பாகவும் மாறும் என்று அதில் அவர் பொருத்திக் காட்டினார். வரைபடம் வாக்கியத்தின் பிறிதொரு வடிவம் என்பதை அதை உருவாக்கியவரே ஒப்புக்கொண்ட இடம் இது.

என் நோக்கில் இதனினும் முக்கியமானது 1977-இல் பாக்மனும் மணிலால் தயாவும் சேர்ந்து எழுதிய கட்டுரை. தரவு மாதிரிகளில் 'பாத்திரம்' என்ற கருத்துக்குத் தனியிடம் கேட்டது அது. நாடகத்தில் நடிகர் வேறு, அவர் ஏற்கும் பாத்திரம் வேறு. அதுபோல ஒரே ஆள் ஓரிடத்தில் பாலிசிதாரர், வேறோரிடத்தில் முகவர், மற்றோரிடத்தில் இழப்பீடு கோருபவர். பெயரிலிருந்து பொருண்மைப் பாத்திரத்தைப் பிரித்துக் காட்டிய சார்லஸ் ஃபில்மோரின் வேற்றுமை பற்றிய கட்டுரை 1968-இல்தான் வெளிவந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் வாதிடவில்லை. எனினும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியவை அவை.

அமெரிக்காவில் 1970-இல் தொடங்கப்பட்ட அக்கார்டு அமைப்பு முகவர்களும் நிறுவனங்களும் பயன்படுத்தும் படிவங்களை ஒழுங்குபடுத்தியது. படிவம் எந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று சொல்லும். அந்தப் பெயருக்கும் பாலிசிக்கும் என்ன உறவு என்று சொல்லாது. பூச், ரம்பா, யாக்கப்சன் மூவரின் முறைகளும் இணைந்து உருவான யு.எம்.எல். 1997 நவம்பரில் ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்பின் தரமாயிற்று. அதில் கோட்டின் ஒவ்வொரு முனையிலும் பாத்திரத்தின் பெயரை எழுதலாம். ஒருவரா பலரா என்பதையும் குறிக்கலாம். பின்னர் அக்கார்டும் தன் தகவல் மாதிரியை யு.எம்.எல்.-இலேயே வெளியிட்டது. காப்பீட்டுத் துறை இதில் வெறும் நுகர்வோராக இருக்கவில்லை. கோடுகளால் சொல்ல முடியாத நிபந்தனைகளை எழுத யு.எம்.எல்.-உடன் இணைக்கப்பட்ட கட்டுப்பாட்டு மொழியான ஓ.சி.எல்., ஐ.பி.எம்.-இன் காப்பீட்டுப் பிரிவில் தொழில் மாதிரியாக்கத்துக்காக உருவானது. பல துறையினரும் பயிலும் ஒரு மொழிக்குக் காப்பீடே பிறப்பிடம் என்பது போதிய கவனம் பெறவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். அமெரிக்க மாதிரிகளில் 'பயனாளி' என்று ஒரு பாத்திரம் உண்டு. பொதுவாகத் தொகை அவருக்கே உரியது. நம் நாட்டில் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பேசுவது நாமினியைப் பற்றி. நாமினி தொகையைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1980களில் தெளிவுபடுத்தியது. பேச்சுவழக்கில் நாமினியையே 'வாரிசு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இன்றும் அதிர்ச்சி தரும் செய்தி. 2015-இன் திருத்தம் நிலைமையை இன்னும் நுட்பமாக்கியது. பெற்றோரையோ வாழ்க்கைத்துணையையோ பிள்ளைகளையோ நியமித்தால் அவர்கள் பயன் உரிமையுடைய நாமினிகள். உடன்பிறந்தாரை நியமித்தால் அவர் பழையபடி பெற்றுக்கொள்பவர்தாம்.

இதை வரைந்து பார்த்தால் சிக்கல் புலப்படும். பாலிசிக்கும் நாமினிக்கும் இடையிலான கோடு எத்தன்மையது என்பதைப் பாலிசிதாரருக்கும் நாமினிக்கும் இடையிலான உறவுமுறைக் கோடே தீர்மானிக்கிறது. அந்த இரண்டாம் கோடு இல்லாத வரைபடத்தில் தம்பியும் மனைவியும் ஒரே பெட்டியில் அமர்வர். தொகை தம்பி கைக்குப் போகும். நிறுவனத்தின் கடமையும் முடிந்துவிடும். வாரிசான மனைவி தன் பங்குக்காகத் தம்பியிடம் வழக்காட வேண்டியிருக்கும். நாமினி சிறுவராயின் அவர் சார்பில் தொகை பெற நியமிக்கப்படுபவர் மற்றொரு பாத்திரம். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்படி மனைவி, பிள்ளைகள் நலனுக்காக எடுத்த பாலிசிக்கு 39-ஆம் பிரிவே பொருந்தாது. அங்கே இருப்பது அறக்கட்டளை உறவு. இவை அனைத்தையும் 'பயனாளி' என்னும் ஒரே சொல்லால் மூடும் இறக்குமதி மாதிரியை மொழிபெயர்ப்புப் பிழை என்றே நான் அழைப்பேன்.

கோடுகளால் மட்டும் வரைய முடியாத விதி ஒன்றும் உண்டு. பாலிசியை வேறொருவருக்கு உரிமை மாற்றினால் முன்பு செய்த நியமனம் தானாகவே ரத்தாகும். அதே நிறுவனத்திடமோ வேறொருவரிடமோ கடன் பெறுவதற்காக மாற்றினால் மட்டும் ரத்தாகாது. ஒரு கோடு வரையப்பட்டவுடன் மற்றொரு கோடு அழிய வேண்டும், ஒரேயொரு விதிவிலக்குடன். இத்தகைய விதியைப் பெட்டிகளுக்கு வெளியே ஓ.சி.எல்.-இல்தான் எழுத வேண்டியிருக்கிறது.