கம்பியில்லாத் தந்தியும் காகித நாடாவும்

கம்பியில்லாத் தந்தி தோன்றிய முதல் சில ஆண்டுகளில், காற்றுவெளியில் வந்த குறிகள் காகித நாடாவில் மையால் பதியப்பட்டுக் கண்ணால் படிக்கப்பட்டன. காதில் கேட்டு எழுதும் முறை அதன் பின்னரே பரவியது. நாடா அழியாத சான்றாக நின்றது; காது மிக மெல்லிய குறியையும் பிரித்தறிந்தது. இவ்விரண்டில் எதை நம்புவது என்ற கேள்வி, 1901ஆம் ஆண்டின் அட்லாண்டிக் சோதனையிலும் 1912ஆம் ஆண்டின் டைட்டானிக் விபத்திலும் பெரிதாக எழுந்தது. காகிதச் சுருளை இயக்கும் பொறியும் வானொலிக் குறியை உணரும் கருவியும் இணைந்தும் பிரிந்தும் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

காகித நாடாவின் தோற்றம்

அமெரிக்காவைச் சேர்ந்த சாமுவேல் மோர்ஸ் 1844ஆம் ஆண்டு மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே கம்பித் தந்தியை இயக்கிக் காட்டினார். அவருடைய ஏற்பியில் ஒரு மின்காந்தம், ஒரு நெம்புகோல், நகரும் காகித நாடா ஆகியவை இருந்தன. மின்சாரம் வரும்போது நெம்புகோலின் முனை காகிதத்தை அழுத்தித் தடம் பதிக்கும். மின்சாரம் சிறிது நேரம் வந்தால் புள்ளி, கூடுதல் நேரம் வந்தால் கோடு. பிற்காலக் கருவிகளில் அழுத்து முனைக்குப் பதிலாக மை தோய்ந்த சிறு சக்கரம் வந்தது.

இக்கருவியின் நுட்பம் காகிதத்தை நகர்த்துவதில்தான் அடங்கியிருந்தது. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு நீளம் மட்டுமே. நாடா ஒரு கணம் வேகமாகவும் மறுகணம் மெதுவாகவும் நகர்ந்தால் புள்ளி நீண்டு கோடாகத் தோன்றும். கோடு குறுகிப் புள்ளியாகிவிடும். காகிதச் சுருளையே அச்சில் வைத்துச் சுழற்றினால் இந்தச் சிக்கல் தவறாமல் வரும். சுருள் தீரத் தீர அதன் விட்டம் குறைவதால் ஒரு சுற்றில் வெளிவரும் நாடாவின் நீளமும் குறையும். ஆகவே சுருளைத் தடையின்றிச் சுழல விட்டுவிட்டு, நாடாவை மட்டும் இரண்டு உருளைகளுக்கிடையே பிடித்துச் சீரான வேகத்தில் இழுத்தனர். உருளைகளை இயக்கியது கடிகாரப் பொறி. தொடக்கத்தில் அது தொங்கும் எடையாலும் பின்னர் சுருள்வில்லாலும் இயங்கியது.

உலோகத் தூளால் ஆன உணர்கருவி

ஜெர்மானிய அறிவியலாளர் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகளைச் சோதனை மூலம் நிறுவினார். அந்த அலைகளைக் கொண்டு தந்தி அனுப்ப வேண்டுமானால், ஏற்கும் இடத்தில் அவற்றை உணர ஒரு கருவி தேவை. பிரெஞ்சு அறிவியலாளர் எதுவார் பிரான்லி 1890இல் அதற்கான வழியைக் கண்டார். கண்ணாடிக் குழாயில் தளர்வாக நிரப்பிய உலோகத் தூள் சாதாரண நிலையில் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அருகில் மின்பொறி எழுந்தால் தூளின் மின்தடை திடீரெனக் குறைந்துவிடுகிறது. ஆங்கிலேய அறிவியலாளர் ஆலிவர் லாட்ஜ் இக்குழாய்க்குக் 'கோஹீரர்' எனப் பெயரிட்டார். தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் பெயர் அது.

ஒட்டிய தூள் தானாகப் பிரிவதில்லை. குழாயைத் தட்டினால்தான் அது பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த குறியை ஏற்கும். லாட்ஜ் 1894இல் தட்டுவதற்கு ஒரு பொறியை அமைத்தார். ரஷ்ய அறிவியலாளர் அலெக்சாந்தர் போபோவ் 1895இல் வடிவமைத்த கருவியில், வந்த அலையே மின்மணியின் சுத்தியை இயக்கியது. சுத்தி ஒருபுறம் மணியை அடித்து, திரும்பும்போது குழாயைத் தட்டியது. இக்கருவியுடன் காகிதம் சுற்றிய சுழல் உருளையை இணைத்து, தொலைவில் ஏற்படும் மின்னல்களையும் போபோவ் பதிவு செய்தார்.

நாடாவில் பதிந்த செய்திகள்

இத்தாலியரான குலியெல்மோ மார்க்கோனி, கோஹீரரையும் மோர்ஸ் பதிவுக் கருவியையும் ஒரே ஏற்பியாக இணைத்தார். அவர் பயன்படுத்திய தூளில் பெரும்பங்கு நிக்கலும் சிறிதளவு வெள்ளியும் இருந்தன. அந்த ஏற்பி செயற்பட்ட முறை வருமாறு:

1. வானலைக் கம்பியில் அலை படும்போது கோஹீரரின் மின்தடை குறைகிறது.
2. அதன் வழியே செல்லும் சிறு மின்சாரம் ரிலே என்னும் மின்காந்தச் சாவியை மூடுகிறது.
3. ரிலே வலிமையான மின்கலச் சுற்றை இயக்குகிறது. அதில் ஒருபுறம் தட்டும் சுத்தி, மறுபுறம் மை பதிக்கும் கருவி.
4. அலை தொடர்ந்து வரும்வரை தூள் ஒட்டுவதும் தட்டப்பட்டுப் பிரிவதும் மாறி மாறி நிகழ்கின்றன. மை பதிக்கும் நெம்புகோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அழுந்தியபடியே இருப்பதால் நாடாவில் தொடர்ச்சியான கோடு விழுகிறது.

நெம்புகோலின் மந்தமே இங்கு நன்மையாக அமைந்தது. அது விரைந்து இயங்கியிருந்தால் ஒரு கோடு பல சிறு புள்ளிகளாக உடைந்திருக்கும்.

1897ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் லாவர்நாக் முனைக்கும் பிளாட் ஹோம் தீவுக்கும் இடையே கடலைக் கடந்து செய்தி அனுப்பப்பட்டது. அப்போது பதிந்த நாடாவில் மார்க்கோனியும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் கெம்ப்பும் கையொப்பமிட்டனர். கையொப்பமிட்ட நாடா, பத்திரத்தைப் போல ஒரு சான்றாயிற்று.

நாடா முறையின் குறைகள்

தூளைத் தட்டித் தட்டிப் பிரிக்க வேண்டியிருந்ததால் இம்முறை மெதுவானது. நிமிடத்துக்கு ஏறக்குறைய பதினைந்து சொற்களுக்கு மேல் ஏற்பது கடினம். ரிலேயை இயக்கும் அளவுக்கு வலிமை இல்லாத குறி நாடாவில் பதியவே பதியாது. மின்னலால் எழும் அலையையும் பரப்பி அனுப்பிய அலையையும் கோஹீரர் வேறுபடுத்தி அறியாது. மழைக்காலத்தில் நாடா முழுவதும் பொருளற்ற புள்ளிகள் நிறைந்துவிடும்.

மனிதக் காதுக்கு இத்தொல்லைகள் குறைவு. சந்தை இரைச்சலிலும் தெரிந்தவர் குரலை அறிந்துகொள்வதுபோல, பயிற்சி பெற்ற தந்தியாளர் இடி இரைச்சலுக்கிடையே குறிகளைப் பிரித்துக் கேட்டுவிடுவார். கம்பித் தந்தியிலேயே இது நடந்திருந்தது. நெம்புகோல் எழுப்பும் 'டக் டக்' ஒலியைக் கேட்டே செய்தியை எழுதிய அமெரிக்கத் தந்தியாளர்கள் நாடாவைப் பார்ப்பதை விட்டுவிட்டனர்.

1901: நாடாவில் பதியாத சாதனை

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து 'எஸ்' என்னும் எழுத்து, அதாவது மூன்று புள்ளிகள், மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டது. அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில், நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில், பட்டத்தில் கட்டிய வானலைக் கம்பியுடன் மார்க்கோனி காத்திருந்தார். குறி மிக மெல்லியதாக இருக்கும் என்பதால் அவர் பதிவுக் கருவியை நம்பவில்லை. பாதரசத்தால் ஆன, தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் உணர்கருவியையும் தொலைபேசியின் கேட்புக் கருவியையும் பயன்படுத்தினார்.

இந்த வகை உணர்கருவிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், தானே மீளும் கோஹீரர் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1899இல் லண்டன் ராயல் கழகத்துக்கு அளித்தார். இரும்பும் பாதரசமும் கொண்ட உணர்கருவியைத் தொலைபேசியுடன் இணைப்பது அதில் விளக்கப்பட்டிருந்தது. மார்க்கோனிக்கு அக்கருவி இத்தாலியக் கடற்படை அதிகாரி சொலாரி வழியாகக் கிடைத்தது. அதன் மூலம் போஸின் கண்டுபிடிப்பே என 1998இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது.

குறிகளைக் கேட்டவர்கள் மார்க்கோனியும் கெம்ப்பும் மட்டுமே. நாடா இல்லை, வேறு சாட்சியும் இல்லை. மூன்று சிறு ஒலிகள் இடி மின்னலின் இரைச்சலாகவும் இருக்கலாம் என்று அக்காலத்திலேயே ஐயம் எழுந்தது. பகல் நேரத்தில் அவ்வகை அலைகள் அத்தனை தொலைவு செல்வது அரிது என்பதைச் சுட்டிக்காட்டி, பிற்கால ஆய்வாளர் சிலரும் அதே ஐயத்தை எழுப்பினர். நூறாண்டுக்குப் பின்னும் இவ்விவாதம் முழுமையாகத் தீரவில்லை.

1902: கப்பலில் பதிந்த சான்று

ஐயத்துக்கு விடையளிக்க மார்க்கோனி மீண்டும் நாடாவை நாடினார். 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் பயணிகள் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, போல்டு நிலையத்தின் குறிகளை வழிநெடுகப் பதிவு செய்தார். சொற்களாகப் படிக்கக்கூடிய செய்திகள் ஏறக்குறைய 1,550 மைல் வரையிலும், 'எஸ்' குறிகள் மட்டும் ஏறக்குறைய 2,100 மைல் வரையிலும் கிடைத்தன. கப்பல் தலைவர் சான்றொப்பம் அளித்தார். கம்பியில்லாத் தந்தி பெருங்கடலைக் கடக்கும் என்பதை உலகம் ஏற்க இது உதவியது.

இதே பயணத்தில் எதிர்பாராத உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. இரவில் இத்தனை தொலைவு சென்ற குறிகள், பகலில் ஏறக்குறைய 700 மைலுக்கு மேல் கிடைக்கவில்லை. கப்பலின் நாடாக்கள் மார்க்கோனியின் திறமையை நிறுவின. அதே வேளையில், நண்பகலில் கேட்டதாகக் கூறப்பட்ட 1901 குறிகள் மீதான ஐயத்தையும் வலுப்படுத்தின.

காந்த உணர்கருவியும் டைட்டானிக்கும்

1902இல் மார்க்கோனி காந்த உணர்கருவியை உருவாக்கினார். இரும்புக் கம்பியாலான ஒரு வளையம் கடிகாரப் பொறியால் இழுக்கப்பட்டுக் காந்தங்களின் அருகே நகர்ந்துகொண்டே இருக்கும். அலை வரும்போது கம்பியின் காந்த நிலையில் ஏற்படும் மாற்றம், தலையில் அணியும் கேட்புக் கருவியில் ஒலியாகக் கேட்கும். காகிதத்தை இழுத்துவந்த பொறி இப்போது இரும்புக் கம்பியை இழுத்தது. கோஹீரரை விட இது நம்பகமானது, வேகமானது. கப்பல்களில் விரைவாகப் பரவியது.

ஆனால் ஒரு வசதி கைநழுவிப் போயிற்று. கோஹீரர் ஏற்பியில் ரிலே இருந்ததால், குறி வந்தவுடன் மணி அடிக்கச் செய்யலாம். ஆள் இல்லாவிட்டாலும் நாடாவில் பதியச் செய்யலாம். காந்த உணர்கருவி எழுப்பும் ஒலி, கேட்பவர் இருந்தால் மட்டுமே செய்தியாகும்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதிகத் தொலைவில் இல்லாத கலிபோர்னியன் கப்பலின் ஒரே தந்தியாளர், அதற்குச் சற்று முன்புதான் பணியை முடித்து உறங்கச் சென்றிருந்தார். நள்ளிரவுக்குப் பின் கப்பல் அதிகாரி ஒருவர் தந்தி அறைக்கு வந்து கேட்புக் கருவியைக் காதில் வைத்தார். உணர்கருவியின் கடிகாரப் பொறிக்குச் சாவி கொடுக்கப்படாததால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கார்பேத்தியா கப்பலின் தந்தியாளரோ படுக்கச் செல்லும் வேளையிலும் கருவியைத் தலையிலிருந்து கழற்றாமல் இருந்தார். அவர் கேட்ட செய்தியால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர்.

உறங்காத காது

இவ்விபத்தின் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் லண்டனில் உருவானது. கப்பல்களில் தொடர்ந்து தந்தி கேட்கும் கடமை அதில் வலியுறுத்தப்பட்டது. மூன்று தந்தியாளர்களை முறைவைத்து அமர்த்துவது சிறு கப்பல்களுக்குப் பெருஞ்செலவு. எனவே குறியைத் தானே அறிந்து மணி அடிக்கும் கருவி தேவைப்பட்டது.

அதற்கென ஒரு தனிக் குறி வகுக்கப்பட்டு, 1927 வாஷிங்டன் மாநாட்டின் விதிகளில் இடம்பெற்றது. ஒவ்வொன்றும் 4 விநாடி நீளும் 12 கோடுகள், இடையில் 1 விநாடி இடைவெளி; மொத்தம் ஒரு நிமிடம். மின்னல் இரைச்சல் இத்தனை ஒழுங்காக வராது. சாதாரண மோர்ஸ் செய்தியிலும் 4 விநாடிக் கோடு இல்லை. ஆகவே கால அளவை மட்டும் சரிபார்க்கும் எளிய பொறி, இக்குறியைக் கண்டறிந்து உறங்கும் தந்தியாளரை எழுப்ப முடிந்தது. நாடாவில் கோட்டின் நீளத்தை அளந்து படித்த பழைய முறை, காகிதமின்றி இங்கே மீண்டும் பயன்பட்டது.

நாடாவின் மறுவருகை

வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் வந்த பின் மெல்லிய குறியையும் பதிவுக் கருவியை இயக்கும் அளவுக்கு வலுப்படுத்த முடிந்தது. காதுக்கு எட்டாத வேகத்தில், நிமிடத்துக்கு நூறு சொற்கள் என்ற அளவில், துளையிட்ட நாடாவால் செய்தியை அனுப்பி, மறுமுனையில் மை நாடாவில் பதியும் முறை 1920களில் நிலைபெற்றது. 1927இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்திச் சேவை தொடங்கியது. புனே அருகிலுள்ள கிர்கீயில் பரப்பியும் தௌண்டில் ஏற்பியும் அமைந்தன.

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் ஓர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். தானியங்கிப் பியானோவில் பயன்படும் துளையிட்ட காகிதச் சுருளை, நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் வானொலியில் பயன்படுத்துவது அவர்கள் எண்ணம். பரப்பியிலும் ஏற்பியிலும் ஒத்த துளைகள் கொண்ட சுருள்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே வேகத்தில் நகரும். துளைகளுக்கேற்ப இரண்டும் சேர்ந்து அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் வரை பயன்படுத்தலாம். சுருள் இல்லாத எதிரியால் குறியைத் தொடரவோ குலைக்கவோ இயலாது. அமெரிக்கக் கடற்படை அப்போது இதைப் பயன்படுத்தவில்லை. எனினும் அலைவரிசையை மாற்றிக்கொண்டே செய்தி அனுப்பும் முறை, பிற்காலத்தில் புளூடூத் போன்ற தொழில்நுட்பங்களில் இடம்பெற்றது.

மதிப்பீடு

மோர்ஸின் நாடாவும் லமாரின் சுருளும் ஒரே நிபந்தனையைச் சார்ந்தவை: காகிதம் சீரான வேகத்தில் நகர வேண்டும். நகர்வு பிசகினால் குறி பொருளிழக்கும். நாடா எழுதியதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அது மெல்லிய ஒலியைத் தவறவிட்டது. காது மெல்லிய ஒலியைப் பிடித்தது. ஆனால் சான்று விட்டுச்செல்லவில்லை, உறங்கவும் செய்தது. சிக்னல் குன்றில் நாடா இல்லாததால் ஒரு சாதனை ஐயத்துக்கு உள்ளானது. கலிபோர்னியனில் கேட்க ஆளில்லாததால் உதவிக்கான அழைப்பு வீணாயிற்று. குறியை உணரவும், பதியவும், ஆளை எழுப்பவும் கருவியால் முடிய வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.