பூட்டிய பீரோவும் மாட்டு வண்டி நூலகமும்

கோயில், குளம், கோபுரம் ஆகியவற்றின் வரலாற்றை எழுதியோர் பலர். ஒரு புத்தகம் இக்காவிரி நாட்டுச் சிறுவனின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. ஜூபிலி மலரின் இப்பக்கங்களில் அதனைச் சற்று நோக்குவோம்.

திண்ணைப் பள்ளி மாணவன் மணலிலும் ஓலையிலும் எழுதி, அனைத்தையும் மனப்பாடம் செய்தான். நமக்கு அருகிலுள்ள திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ. வே. சாமிநாதையர் அம்மரபில் வந்தவரே; அதனைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆயினும், தானாக விரும்பி எடுத்து வாசிக்கும் நூல் அந்நாளில் பிள்ளைகளுக்கு எட்டாக்கனி. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1806ஆம் ஆண்டு ஈசாப் கதைகளைத் தம் அச்சகத்தில் அச்சிட்டார். அதுவும் மராத்தி மொழியில்!

1903ஆம் ஆண்டு கும்பகோணத்தில் ஒன்று நடந்தது. அரசுக் கல்லூரி நூலகத்துக் கணித நூல் ஒன்று, நண்பர் ஒருவர் வழியாக, டவுன் ஹைஸ்கூல் மாணவன் ஒருவனின் கைக்கு இரவலாக வந்தது. தேர்வு எழுதுவோருக்காகக் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூல் அது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பலவற்றிற்கு முழு நிரூபணம்கூடக் கிடையாது. விட்டுப்போன நிரூபணங்களைத் தானே கண்டுபிடிக்க முனைந்த அம்மாணவனே சீனிவாச இராமானுஜன். கணிதப் பித்துத் தலைக்கேறி, மற்றப் பாடங்களைக் கைவிட்டு, கல்லூரியில் உதவித் தொகையை இழந்தார் என்பதையும் மறைக்கலாகாது. பெற்றோரின் கவலையிலும் நியாயம் உண்டு! எனினும் அந்நூல் அலமாரியை விட்டு வெளியே வராமலே இருந்திருந்தால்?

கல்லூரி உள்ள நகரத்துக்கு அது சரி. வயல்களுக்கு நடுவே உள்ள குக்கிராமம் என்ன செய்யும்? மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை இதற்கு விடை கண்டார். வண்டியில் நூல்களை அடுக்கி, மாடு பூட்டி, 1931 அக்டோபர் 21 அன்று நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். நெல் மூட்டை ஏறிய பாதையில் புத்தகமும் ஏறிற்று! சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன் இம்முயற்சியோடு தொடர்பு கொண்டிருந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. நூல் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. அதனை விளக்க, பழைய ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வழக்கத்தை எடுத்துக் காட்டுகிறார். நம் துறவு மடங்களிலும் ஆலயங்களிலும் அவ்வாறு பிணைத்தார்கள். ஆகவே குருக்களாகிய நாம் பிறரைப் பார்த்து நகைக்க இயலாது.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். ஆனால் அச்சட்டம் தந்தது பொது நூலகத்தை. பள்ளி நூலகத்தை அன்று. பல பள்ளிகளில் நூலகம் என்பது ஒரு பீரோவே. புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் யார் பதில் சொல்வது என்னும் அச்சத்தால் அது பூட்டியே கிடக்கும். ஆசிரியரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. கிழிந்த புத்தகத்தைக் குற்றமாகக் கருதும் விதியே மாற வேண்டும்.

விளைவு என்ன? 2022ஆம் ஆண்டு 'அசர்' ஆய்வின்படி, தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. 2018இல் ஏறத்தாழப் பதின்மர். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது ஒரு பெருங்காரணம். ஆனால் அதற்கு முன்னரும் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் தடுமாறினர் அல்லவா?

2023இல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு சிறு கதைப் புத்தகங்களை வெளியிட்டது. பெற்றோரே, அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், அப்புத்தகங்கள் எங்கே இருக்கின்றன, பிள்ளை எதனை வீட்டுக்கு எடுத்து வரலாம் என்று கேளுங்கள்.